ஊர் வாய்

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற கழகத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்று கேட்டாள் தமிழ் மூதாட்டி. அவள் அரசியல் நூல் பயின்றவளல்லள். அரச சபையை எட்டிப் பார்த்தவளுமல்லள். அடுப்படியில் நின்றபடி அவள் உதிர்த்த அந்த ஒரு வாசகத்திலே, முடிதரித்த மன்னர்கள் பலர் முட்டி மோதிக்கொண்ட பிறகே கற்ற பாடம் அடங்கிக் கிடக்கிறது.

அந்த ஊர் வாயைப்பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

"பேசிப் பேசியே ஆட்சியைப் பிடித்தவர்கள்" என்று நம்மை ஏளனம் செய்தோர் உண்டு. ஏளனமாகச் சொன்னாலும் உண்மையைத்தான் சொன்னார்கள்! வாள் ஏந்தினோமில்லை, வெடிகுண்டு வீசினோமில்லை, பொற்காசுகளைக் கொட்டினோமில்லை, பேசினோம். ஆனால் அவர்களுக்கும் புரியாத, நம்மிலே பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. மேடையிலே பேசியவர்கள் நூறு பேர் என்றால், மேடைக்குக் கீழே பேசியவர்கள் நூறாயிரம் பேர்! விளக்கு வெளிச்சத்தில் ஒலிபெருக்கி முன் பேசிய பேச்சு இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள், வழி நெடுக, வரப்பு நெடுக, மறுநாள் காலை தேநீர்க் கடையில், மாலையில் முடி திருத்தும் நிலையத்தில், இரவு படிப்பகத்தின் வாயிற்படியில் பேசினார்களே, அந்தப் பேச்சு முடியவே இல்லை. அதற்குத் தலைவர் இல்லை, வரவேற்புரை இல்லை, நன்றியுரை இல்லை. அதற்கு ஊரார் இட்ட பெயர், அரட்டை!

அரட்டை, வம்பளப்பு, வெட்டிப் பேச்சு, திண்ணைப் பேச்சு... எத்தனை பெயர்கள்! எல்லாம் இகழ்ச்சிப் பெயர்கள். ஆனால், தோழர்களே! அந்த வெட்டிப் பேச்சைக் கண்டு வெலவெலத்துப் போன வேந்தர்கள் உண்டு.

இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னன், 1675-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஓர் ஆணை பிறப்பித்தான். இலண்டனிலும் பிற இடங்களிலும் உள்ள காப்பிக் கடைகளையெல்லாம் மூடிவிட வேண்டும் என்பது ஆணை. காப்பி கசந்ததா மன்னனுக்கு? இல்லை, கடையிலே அமர்ந்து பேசினார்களே குடிமக்கள், அந்தப் பேச்சு கசந்தது! செம்மான் ஒருபுறம், செல்வன் ஒருபுறம், கப்பலோட்டி ஒருபுறம், கணக்கப்பிள்ளை ஒருபுறம் என அமர்ந்து, அரசன் செய்வது சரியா என்று அலசினார்கள். ஆணை என்ன ஆயிற்று? இரண்டு வாரம் நிறைவதற்குள், எழுந்த எதிர்ப்பைக் கண்டு மன்னனே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். படைகள் இருந்தன, பாதிரிகள் இருந்தனர், பாராளுமன்றத்தையே வேண்டும்போது கூட்டவும் கலைக்கவும் அதிகாரம் இருந்தது. ஆயினும் ஊர் வாயை மூட முடியவில்லை!

பிரான்சு நாட்டிலே, 1789 ஜூலை 12 அன்று, பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றின் வாயிலில், மேசை மீது ஏறி நின்று பேசினான் காமில் டெமூலான் என்னும் இளைஞன். பேசியது காப்பிக் கடையில். இரண்டே நாளில், ஜூலை 14 அன்று, சாய்ந்தது பாஸ்டில் சிறை!

கியூபாத் தீவிலே சுருட்டுத் தொழிலாளர்கள் ஒரு வழக்கம் கண்டார்கள். கைகள் சுருட்டுச் சுற்றும், காதுகளுக்கு வேலையில்லையே! ஒருவரை நாற்காலியில் அமர்த்தி நாளேட்டையும் நூல்களையும் உரக்கப் படிக்கச் செய்தார்கள். 1865-இல் தொடங்கியது இவ்வழக்கம். மறு ஆண்டே தடை போட்டது ஸ்பானிய ஆட்சி. படிப்பது குற்றமா? படித்ததைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வார்களே, அதுதான் குற்றம்! நமக்கு அருகே, கேரளத்துக் கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். படித்தவர் இழந்த கூலியை ஈடுகட்ட, அவர் பங்குக்கும் சேர்த்துச் சுற்றித் தருவார்கள். கல்லூரி வாயிலை மிதிக்காத அந்தக் கூடம் அவர்களுக்குக் கல்லூரியாயிற்று.

இனி நம் கதைக்கு வருவோம்.

1949 செப்டம்பரில், சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே, கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அந்நாளில் வானொலி அரசின் கையில் இருந்தது. பெரிய நாளேடுகள் பெருஞ்செல்வர் கையில் இருந்தன. 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். மீதி 82 பேருக்கு அச்செழுத்து ஆனையும் பூனையுமாகத்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட நாட்டிலே, ஏடு நடத்தியே இயக்கம் வளர்க்க முனைந்தவர்களைப் பார்த்து, "இவர்களுக்குப் பித்தா?" என்று கேட்டார்கள் பெரிய மனிதர்கள்.

பித்தல்ல, தோழர்களே! கணக்குத் தெரிந்த வேலை. ஓர் ஏடு ஒருவர் கைக்குப் போயிற்று என்று கணக்கெழுதினான் எதிரி. அந்த ஓர் ஏடு தேநீர்க் கடைப் பலகைக்குப் போயிற்று. ஒருவர் படித்தார், இருபது பேர் கேட்டார்கள். இருபது பேரும் தத்தம் வீட்டிலே சொன்னார்கள். அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. வாக்குப் பெட்டியிலேதான் ஏறிற்று. 1957-இல் சட்டமன்றத்தில் 15 இடங்கள். நாடாளுமன்றத்தில் இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நாமக்கல், மற்றொன்று எது தெரியுமா? நம் திருவண்ணாமலை! 1962-இல் சட்டமன்றத்தில் 50. 1967-இல் ஆட்சி!

அந்தப் பலகையிலே நடந்த பேச்சு எப்படி இருந்திருக்கும்? நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

செஞ்சிச் சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. பாய்லரில் நீர் கொதிக்கிறது. இளைஞன் ஒருவன் ஏடு படிக்கிறான். மணிலா மூட்டையைச் சந்தைக்கு ஏற்றி வந்த உழவர் ஒருவர் துண்டால் முகம் துடைத்தபடி கேட்கிறார்.

"தம்பி, அரிசி விலை ஏறிப் போச்சுன்னு படிச்சியே, அது மெய்தானா?"

"மெய்தான் அண்ணே. பட்டணத்திலே வரிசையிலே நின்றாலும் கிடைப்பதில்லையாம்."

"அப்படின்னா, என் நெல்லுக்கு விலை ஏறலையே, அது ஏன்?"

இளைஞன் விழிக்கிறான். கடைக்காரர் சிரிக்கிறார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதே பலகையின் மறுமுனையில் அமர்ந்து, "சொல்லப்பா, சொல்லு! ஏட்டிலே அது எழுதலையோ?" என்று கிண்டல் செய்கிறார்.

அன்றிரவு அந்த இளைஞன் உறங்கியிருப்பானா? படிப்பகத்துக்கு ஓடியிருப்பான். விளைவிப்போனுக்கும் உண்போனுக்கும் இடையே நிற்பவன் யார், கிடங்கிலே பதுக்குவோன் யார், அவனுக்கு உரிமம் வழங்கியவன் யார் என்று கேட்டுத் தெளிந்து, மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அதே பலகைக்கு வந்திருப்பான். உழவர் தலையசைத்திருப்பார். எதிர்க்கட்சிக்காரரோ, தேநீரை ஊதிக் குடிப்பதுபோல் முகத்தைக் குவளைக்குள் மறைத்துக்கொண்டிருப்பார்!

இதுதான், தோழர்களே, நம் இயக்கத்தின் பல்கலைக்கழகம். பட்டம் பெறாமல் பாதியில் கல்லூரியை விட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம்!

நெருக்கடி நிலைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1975 ஜூன் 25-இல் பிறந்தது நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது கழக ஆட்சி. தோழர்கள் சிறையிலே தள்ளப்பட்டனர். யார் யார் சிறைப்பட்டார்கள் என்று வெளியிட முடியாது; தணிக்கை அதிகாரியின் பேனா தலைக்கு மேலே தொங்கிற்று. பிப்ரவரி 3, அண்ணன் மறைந்த நாள் வந்தது. முரசொலியிலே ஒரு பட்டியல் வெளிவந்தது: அண்ணா சதுக்கத்திற்கு வந்து மலர் வளையம் வைத்திட இயலாதவர்களின் பட்டியல்! மாவட்டவாரியாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரி பார்த்தார், இதிலென்ன குற்றம் என்று விட்டுவிட்டார். தமிழகம் பார்த்தது, பார்த்த அளவிலே புரிந்துகொண்டது!

அந்தப் பட்டியலில் "சிறை" என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்துப் படித்தது எது? ஊர் வாய்! "நம் ஊர்க்காரர் பெயர் இருக்கிறதே, நேற்று முன்தினம்தானே அவரை அழைத்துச் சென்றார்கள்" என்று ஒருவர் சொல்ல, "அப்படியானால் இதிலுள்ள அத்தனை பேரும்..." என்று மற்றவர் மூச்சை இழுக்க, தணிக்கை செய்ய முடியாத பதிப்பு ஒன்று தமிழகமெங்கும் வெளியாயிற்று. ஏடு பாதி சொல்லிற்று; மறு பாதியை மக்கள் எழுதினார்கள்.

இவ்வளவு சொன்னேனே, அந்தத் தேநீர்க் கடைப் பலகை ஒரு பொன்னுலகம் என்று எண்ணிவிட வேண்டாம். பழமையைப் பொன்னாக்கிப் பூசை போடுவது நம் வேலையல்ல. அந்தப் பலகையில் எல்லோரும் அமர முடிந்ததா? இரயில் நிலைய உணவு விடுதியிலே பிராமணர்க்குத் தனியிடம் என்றிருந்த நிலை, பெரியாரின் கண்டனத்திற்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. ஊர்த் தேநீர்க் கடையிலோ, சேரியிலிருந்து வந்தவருக்குத் தனிக் குவளை. பலகை கிடையாது, தரைதான். உழைத்துக் களைத்த கையிலே சிரட்டையைக் கொடுத்த கடைகள் இருந்தன. இரட்டைக் குவளை ஒழிய எத்தனை போராட்டங்கள், எத்தனை வழக்குகள்! இன்றைக்கும் எங்கோ ஒரு மூலையில் அந்தக் குவளை ஒளிந்துகொண்டிருக்கிறது என்று செய்தி வரும்போது, நம் நெஞ்சு குன்ற வேண்டும். பெண்களின் நிலையோ? அவர்கள் அந்தப் பலகைப் பக்கமே வந்ததில்லை. கிணற்றடியிலே, நடவு வயலிலே அவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்கக் கழகத்தவர் எத்தனை பேர் போனார்கள்?

ஆகவே, பலகையின் பெருமையையும் சொல்கிறேன், அதன் சிறுமையையும் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன்? இன்று பலகை இடம் மாறிவிட்டது. அது நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது!

ஆம், கைப்பேசியைத்தான் சொல்கிறேன். கிளைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒன்றியத்துக்கு ஒரு குழு, இளைஞர்களுக்கு ஒன்று, வழக்கறிஞர்களுக்கு ஒன்று. விடியற்காலை வணக்கம் தொடங்கி நள்ளிரவுச் சண்டை முடிய, நாளெல்லாம் அங்கே அரட்டை. அரட்டையைப் பழிக்க நான் வரவில்லை. இவ்வளவு நேரம் அதன் புகழைத்தானே பாடினேன்!

நல்ல அரட்டை அங்கும் நடக்கும். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள், கணிப்பொறியிலே ஒருவருக்கொருவர் மடல் எழுதிப் பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்; அந்தப் பேச்சிலே பிறந்தது, பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளிலே, ஊதியம் ஏதுமின்றி, ஆளுக்குச் சில பக்கம் தட்டெழுதித் தொடங்கினார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், எழுதுவோர் கூடிப் பேசுவதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? "ஆலமரத்தடி"! ஈழத் தமிழரும், வளைகுடா நாட்டில் வாழும் தமிழரும், தமிழ்நாட்டு ஆசிரியரும் அந்த ஆலமரத்தடியில் கூடிப் பேசிப் பேசியே, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சேர்த்துவிட்டார்கள். முகம் பாராமலே பேசினாலும் முத்தெடுக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

பின் எங்கே வருகிறது கேடு? சொல்கிறேன்.

பழைய பலகைக்கு எழுதாத சட்டங்கள் மூன்று இருந்தன. சொன்னவன் முகம் தெரியும் என்பது முதற்சட்டம். பொய் சொன்னால், மறுநாள் அதே முகத்தோடு அதே பலகைக்கு வரவேண்டும். மறுப்பவன் பக்கத்திலேயே இருப்பான் என்பது இரண்டாவது. எதிர்க்கட்சிக்காரனும் அங்கேதான் தேநீர் அருந்தினான். ஆகவே சான்றில்லாமல் வாய் திறக்க அச்சம் இருந்தது. சொல்லும் கேள்வியும் ஒரே வேளையில் நிகழும் என்பது மூன்றாவது. "யார் சொன்னது? எப்போது? நீ பார்த்தாயா?" என்று உழவர் கேட்பார், பதில் இல்லையேல், பேச்சு அங்கேயே செத்துவிடும்.

இந்த மூன்றையும் இழந்த பேச்சுக்கு, நாடகத் தொழிலிலே ஒரு பெயர் உண்டு. அசரீரி!

புராண நாடகம் பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். உடல் இருக்காது, முகம் இருக்காது, முகவரி இருக்காது. ஆனால் மேடையிலே உள்ள அத்தனை பேரும் அதை நம்புவார்கள். தங்கையின் திருமணத் தேரைத் தானே ஓட்டி வந்த கம்சன், "இவள் வயிற்றில் பிறக்கும் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும்" என்று அசரீரி சொன்னதும் என்ன செய்தான்? சொன்னது யாரென்று கேட்டானா? சான்று கேட்டானா? வாளை உருவித் தங்கையின் கழுத்துக்கே ஓங்கினான். பிறகு, பிறந்த பச்சிளங் குழந்தைகளைப் பாறையிலே மோதினான்!

பகுத்தறிவு பேசிய நாம் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தோம். "வானத்திலிருந்து குரல் வருமா?" என்று கேட்டோம். இன்று, தோழர்களே, வானத்திலிருந்து குரல் வருகிறது! கைப்பேசிக் கோபுரம் வழியாக வருகிறது. அனுப்பியவன், "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்கிறான். அவனுக்கு அனுப்பியவனும் அதையே சொல்கிறான். தொடங்கியவன் யார் என்று தேடிப் போனால், உடல் இல்லை, முகம் இல்லை, முகவரி இல்லை. இது அசரீரி அல்லாமல் வேறென்ன? புராண அசரீரியை நம்ப மறுத்த நாம், இந்த அசரீரிக்கு மட்டும் தலையாட்டலாமா?

தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திற்குள்ளேயே சான்று இருக்கிறது. சொல்லவே நா கூசுகிறது.

2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள். போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பத்தார் காரிலே வந்தார்கள். வழி தெரியவில்லை, வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். வண்டியிலிருந்த மூதாட்டி, வயது 65, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைக் கண்டார். கையிலிருந்த மிட்டாயைக் கொடுத்தார். பாட்டி செய்கிற காரியம்! தமிழ்நாட்டிலே எந்தப் பாட்டி செய்யாத காரியம்?

ஆனால் அதற்குச் சில நாட்களாகவே, "பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, வடக்கேயிருந்து வந்திருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள்" என்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தது ஓர் அசரீரி. மிட்டாய் கொடுத்த கை, பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்தது. கூட்டம் கூடிற்று. அடித்தார்கள். அந்த மூதாட்டி அடிபட்டு மாண்டார். உடன் வந்த நால்வர் படுகாயமுற்றனர். காவல்துறை பலரைக் கைது செய்தது. அதே நாட்களில், பழவேற்காட்டிலும் ஒரு மனிதனை இதே ஐயத்தின் பேரால் அடித்துக் கொன்று பாலத்திலே தொங்கவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மராட்டிய மாநிலத்துத் தூலே மாவட்டத்தில், ஐந்து நாடோடி ஏழைகளை ஓர் அறைக்குள் அடைத்து அடித்தே கொன்றார்கள்.

அத்திமூரில் அடித்தவர்கள் எல்லாம் பிறவிக் கொலைகாரர்களா? இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள்; பிள்ளைகளுக்காகப் பதறியவர்கள். அவர்களுடைய அன்பையே நஞ்சாக்கிவிட்டது முகமற்ற பேச்சு. கம்பெடுத்தவன் மீது வழக்கு உண்டு. கம்பெடுக்கும்படி அச்சத்தை ஊட்டிவிட்டு, அடுத்த நொடியே வேடிக்கைப் படம் ஒன்றை அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தானே, அவன்? "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்றவன்? அவன் கையிலே குருதி இல்லை. ஆனால் அவன் விரல் நுனியிலே இருக்கிறது, தோழர்களே!

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் விழித்துக்கொண்டது. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அளவு கட்டிற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கிற்று. நல்லது. ஆனால் பொறியிலே பூட்டுப் போட்டால் போதுமா? நெஞ்சிலே வேண்டாமா?

2023 மார்ச்சு மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். எங்கோ, எப்போதோ, எவர்க்கோ நடந்த சண்டையை எடுத்து, "இது தமிழ்நாடு" என்று தலைப்பிட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது, விசாரித்தது, தொழிலாளர்களைக் கண்டு பேசிற்று. பொய் என்று தெளிந்தது. ஆனால் அதற்குள், அஞ்சி நடுங்கி மூட்டை கட்டிய ஏழைத் தொழிலாளி எத்தனை பேர்! ஊரிலே, மகன் உயிரோடு இருக்கிறானா என்று அழுத தாய்மார் எத்தனை பேர்!

அன்று நாம் கொதித்தோம். பொய் சொல்லித் தமிழன் மீது பழி போடுகிறார்களே என்று குமுறினோம். சரியான குமுறல். ஆனால் 2018-இல் அத்திமூரிலே ஓடிய பொய் என்ன சொல்லிற்று? "வடக்கேயிருந்து வந்தவன் பிள்ளை பிடிக்கிறான்" என்றல்லவா சொல்லிற்று? பொய் எந்தத் திசைநோக்கி ஓடினாலும் பொய்தான். நம்மைச் சுடும்போது மட்டும் அது நெருப்பு, நாம் வீசும்போது பூச்செண்டு என்று சொல்ல முடியுமா?

இப்போது நம் குழுக்களைப் பார்ப்போம். அயலான் வீட்டு அழுக்கை அளந்துவிட்டு, நம் வீட்டுத் திண்ணையைப் பெருக்காமல் விடலாகாது.

நம் குழுவிலே யார் இருக்கிறார்கள்? நாமே இருக்கிறோம். நாமே பேசுகிறோம், நாமே கைதட்டுகிறோம். மாற்றான் ஒருவன் தவறி நுழைந்தால், அவனுக்குப் பதில் சொல்வதற்கு முன் அவனை நீக்கிவிடுகிறோம். பலகையின் மறுமுனையில் கிண்டல் செய்ய ஆள் இல்லை. ஆகவே, இரவெல்லாம் விழித்துப் பதில் தேடும் இளைஞனும் இல்லை. வாக்குக் கேட்கப் போகும் நாளில், வாசற்படியிலே நின்று ஒரு தாய், "என் நெல்லுக்கு விலை ஏறலையே, அது ஏன்?" என்று கேட்டால், குழுவிலே ஆயிரம் கைதட்டல் வாங்கியவன் அங்கே விழிக்கிறான்! கைதட்டிப் பழகியவனுக்குக் கேள்வி இடியோசையாகத்தானே கேட்கும்?

இன்னொன்று. பழைய பலகைக்கு வர முடியாத பெண்கள், இன்றைய குழுவிலே வந்து அமர்ந்திருக்கிறார்கள். சேரித் தெருவின் இளைஞன், தனிக் குவளையின்றி, சமமாக வந்து அமர்ந்திருக்கிறான். பலகையால் முடியாததைப் பொறி செய்து கொடுத்திருக்கிறது. மகிழ வேண்டிய செய்தி! ஆனால் என்ன காண்கிறோம்? மாற்றுக் கட்சிப் பெண்மணி ஒருவர் கருத்துச் சொன்னால், கருத்துக்குப் பதில் வருவதில்லை; அவருடைய உடலைப் பற்றி, உடையைப் பற்றிச் சொல் வருகிறது. அதைப் படிக்கும் நம் சகோதரிகள் வாய் மூடிக்கொள்கிறார்கள். பெயர் இருக்கிறது குழுவிலே; குரல் இல்லை. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன்: திண்ணையிலே இடம் கொடுத்துவிட்டு, திண்ணை முழுதும் சேற்றை வாரி இறைத்தால், அங்கே எப்படி அமர்வீர்கள்? பெண்ணுரிமைக்கு மாநாடு கூட்டியது சுயமரியாதை இயக்கம். அதன் வழி வந்தோம் என்போரின் விரல் அப்படியா எழுதுவது?

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஏதும் சொல்லப் போவதில்லை. நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று: கைக்கு வரும் எந்தச் செய்தியையும், "யார் சொன்னது? எங்கே? எப்போது?" என்று கேளாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மூன்றுக்கும் பதில் இல்லையேல், அது உங்களிடமே சாகட்டும். பொய்யின் கடைசி ஊராகக் கீழ்பென்னாத்தூர் இருக்கட்டும்! கழகத்துக்கு நன்மை செய்யும் பொய்யாயிற்றே என்று எண்ணாதீர்கள். நாம் பொய் சொல்லிப் பிடிபட்டால், நாம் சொல்லும் பத்து மெய்களும் அதோடு சேர்ந்து புதைக்கப்படும்.

இரண்டு: எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சொல்லைக் கைப்பேசியிலும் எழுதாதீர்கள். எழுதி முடித்ததும், அனுப்புமுன் ஒரு நொடி எண்ணுங்கள்: இதைத் தேநீர்க் கடையிலே, என் தாயும் என் தங்கையும் கேட்க, உரக்கப் படிப்பேனா? படிப்பேன் என்றால் அனுப்புங்கள்.

மூன்று: நாளுக்கு ஒரு மணி நேரமேனும், பொறியைப் பையிலே போட்டுவிட்டு, பலகைக்குத் திரும்புங்கள். நூறு நாள் வேலை முடிந்து வரும் தாய்மார்கள் அமர்ந்திருக்கும் மரத்தடிக்குப் போங்கள். கரும்புக்குக் காசு வரவில்லை என்று கலங்கும் உழவரிடம் போங்கள். வெளியூர்க் கூலி ஒருவன் நம் ஊரிலே செங்கல் சுமக்கிறான் என்றால், அரைகுறைத் தமிழில் அவன் சொல்வதைக் கேளுங்கள். சொல்வதற்காக மட்டும் போகாதீர்கள், கேட்பதற்காகப் போங்கள். கேட்டுவிட்டு வந்து, கேட்டதைக் குழுவிலே எழுதுங்கள். "இன்று நம் ஊர்க் குழாயடியில் இப்படிப் பேசினார்கள், இதற்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?" என்று கேளுங்கள். அப்போது நம் குழு படிப்பகமாகும். படிப்பகம் மீண்டும் பாசறையாகும்.

மூடிய படிப்பகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பலகை உடைந்து, பெயர் மங்கி, பூட்டு துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கக் கோடி ரூபாய் தேவையில்லை. நான்கு ஏடு, நாலு மூங்கில் நாற்காலி, ஒரு விளக்கு. அத்தோடு, மாற்றுக் கட்சிக்காரனும் வந்து அமரலாம் என்ற மனம். அந்த மனம்தான் மற்ற மூன்றையும்விட விலை கூடியது.

தோழர்களே! மேடையிலே நான் பேசிவிட்டேன். என் பேச்சு இன்னும் சற்று நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் பேச்சு இனிமேல்தான் தொடங்கப் போகிறது. வீட்டுக்குப் போகும் வழியிலே, நாளைக் காலைக் கடையிலே. நான் சொன்னதில் பிழை இருந்தால் அங்கே அடித்துத் திருத்துங்கள். மெய் இருந்தால் அங்கே விதையுங்கள். போளூர்ச் சாலையிலே இனி எந்தப் பாட்டியும் எந்தக் குழந்தைக்கும் அச்சமின்றி மிட்டாய் கொடுக்கட்டும். அப்படிப்பட்ட நாட்டைக் கட்டுவதற்கு வாளும் வேண்டாம், வேலும் வேண்டாம். மெய் பேசும் வாய் போதும்.

ஊர் வாயை யாராலும் மூட முடியாது. அந்த வாய் எதைப் பேச வேண்டும் என்பதோ, நம் கையிலே இருக்கிறது.